பெரூத்தியெல் அரசியும் அவளுடைய பத்துப் பூனைகளும்: ஒரு சொலவடைக்குப் பின்னால் நிற்பவள் யார்?

கேள்வி இதுதான்: ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில், மோரியாச் சுரங்கத்தின் இருட்டில் நடக்கும்போது பயணக்குழுவின் வீரர்களில் ஒருவரான ஆரகார்ன் ஒரே ஒரு முறை ‘பெரூத்தியெல் அரசியின் பூனைகள்’ என்று சொல்கிறார். யார் இந்தப் பெரூத்தியெல்? அந்த உலகத்தின் வரலாற்றில் அவள் வாழ்ந்த அரசியா, அல்லது சொலவடைக்குள் மட்டும் வாழும் கற்பனைப் பெண்ணா?

சுருக்கமான பதில் வேண்டுபவர்களுக்கு: டோல்கீன் தம் வாழ்நாளில் அச்சிட்ட நாவலில் அவளைப் பற்றி அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் கிடையாது. அவர் இறந்தபின், 1980-ல் அவருடைய மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் தொகுத்து வெளியிட்ட ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலின் ஓர் அடிக்குறிப்பில்தான் அவளுடைய கதைச்சுருக்கம் கிடைக்கிறது. அந்தச் சுருக்கத்தின்படி அவள் கோண்டோர் நாட்டின் பன்னிரண்டாவது அரசனான டாரன்னோனின் மனைவி. ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிட்டால் இந்த விஷயத்தில் இருக்கும் சுவையான பகுதி முழுவதும் விடுபட்டுப் போகும். பொதுவாக ஒரு மனிதர் வாழ்வார், அவரைப் பற்றிய கதை பரவும், கதை தேய்ந்து கடைசியில் சொலவடை மட்டும் மிஞ்சும். பெரூத்தியெல் விஷயத்தில் எழுத்தாளரின் மேசையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. சொலவடை முதலில் வந்தது. அதைச் சொல்லிப் பழகிய மக்களுக்கு ஒரு கதை இருந்தாக வேண்டுமே என்ற தேவை பிறகு வந்தது. அரசி எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தாள்.

முதலில் அந்த வரி வரும் இடத்தைப் பார்த்துவிடுவோம். மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஒன்பது பேரும் மோரியாவுக்குள் நுழைந்தபின் வாயில் அடைபட்டுவிடுகிறது. திரும்பிப் போக வழியில்லை. மந்திரவாதி கேண்டால்ஃப் கைத்தடியின் வெளிச்சத்தில் முன்னால் நடக்கிறார், குள்ளர் இனத்துக் கிம்லி அவர் பக்கத்தில் நடக்கிறான். ஓரிடத்தில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்று அவர்கள் இருவரும் கிசுகிசுக்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் கவலையோடு காத்திருக்கிறார்கள். அப்போது ஆரகார்ன் தைரியம் சொல்கிறார். பயப்படாதீர்கள், நான் அவரோடு எத்தனையோ பயணங்கள் போயிருக்கிறேன், வழி என்று ஒன்று இருந்தால் அவர் தவற மாட்டார், தமக்கு என்ன நேர்ந்தாலும் நம்மை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பார், மையிருட்டிலும் வீடு திரும்பும் வழியைக் கண்டுபிடிப்பதில் பெரூத்தியெல் அரசியின் பூனைகளையும் மிஞ்சியவர் அவர் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

இதில் ‘மையிருட்டு’ என்று நான் எழுதிய இடத்தில் ஆங்கில மூலம் இரவையே குருடு என்று சொல்கிறது. வழக்கமாக இருட்டில் பார்க்க முடியாமல் தவிப்பவர்கள் நாம். அங்கே பார்வை இல்லாதது இரவுக்கே. தமிழில் இதைக் கொண்டுவருவது எளிதல்ல. சொலவடை என்ற முறையில் பார்த்தால் மையிருட்டு என்பதே நாக்கில் சரியாக உட்காரும் என்று நினைக்கிறேன்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஆரகார்ன் இதற்கு விளக்கம் சொல்வதில்லை. குழுவில் உள்ள நான்கு ஹாபிட்களில் (சிற்றுருவ இனத்தவர்) ஒருவரும் ‘யார் அந்த அரசி?’ என்று கேட்பதும் இல்லை. அடுத்த பத்தியில் நடை தொடர்கிறது. ஒரு நாட்டில் வளர்ந்தவர்கள் தங்களுக்குள் பழகிய சொலவடையை அந்நியரிடம் பேசும்போதும் யோசிக்காமல் எடுத்துவிடுவது போல அது வந்து போகிறது. ஆரகார்ன் வடக்கே வளர்ந்தவர். கோண்டோரின் பேச்சுவழக்கு அவருக்கு எப்படிப் படிந்தது என்ற கேள்விக்கு நாவலின் பிற்சேர்க்கைகளில் பதில் இருக்கிறது. அந்த உலகத்தின் கால எண்ணிக்கையில் மூன்றாம் யுகத்தின் 2957 முதல் 2980 வரையிலான ஆண்டுகளில் அவர் நெடும்பயணங்களில் இருந்தார். தோரொங்கில் என்ற மாற்றுப்பெயரில் ரோஹனின் தெங்கெல் அரசனிடமும் கோண்டோரின் இரண்டாம் எக்தெலியனிடமும் மாறுவேடத்தில் பணியாற்றினார். கோண்டோரின் படைமுகாமிலோ கப்பலிலோ கேட்ட சொலவடை அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று வாசகர் ஊகித்துக்கொள்ள இடமிருக்கிறது. மோரியாவுக்குள் அவர்கள் நுழைவது 3019-ல். பெரூத்தியெலின் கணவன் என்று பின்னர் சொல்லப்பட்ட டாரன்னோன் ஆண்டது 830 முதல் 913 வரை. அதாவது, அந்த வரியை ஆரகார்ன் சொல்லும்போது அரசி வாழ்ந்த காலம் முடிந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போது எழுத்தாளரின் பக்கம் வருவோம். டோல்கீனின் நாவலில் போகிறபோக்கில் வரும் பழம்பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் உண்மையான கதை உண்டு. பேரென், லூத்தியன், எயாரெண்டில், கொண்டோலின் என்று பாத்திரங்கள் பாடினாலும் பேசினாலும், அந்தக் கதைகளை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். வாசகர்களுக்குத்தான் அவை கிடைத்திருக்கவில்லை. அதனால்தான் அவருடைய உலகம் சாயம் பூசிய பின்திரையாகத் தோன்றாமல், திரைக்குப் பின்னால் நிலம் நீண்டு கிடப்பது போலத் தோன்றுகிறது. இந்தப் பொதுவிதிக்கு மாறாக நிற்பவள் பெரூத்தியெல். அவளுக்குப் பின்னால் அப்போது நிலம் இல்லை. ஆரம்ப வரைவுகளில் அந்தப் பூனைகளுக்கு உரியவரின் பெயர்கூட நிலையாக இல்லை. வேறு பெயர்களை எழுதிப் பார்த்த பிறகே ‘பெரூத்தியெல்’ நின்றது.

டோல்கீனுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது என்பதற்கு அவருடைய கடிதங்கள் சாட்சி. 1955 ஜூன் 7 அன்று கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், நாவலை எழுதிப் போகும்போது வழியில் தாமே எதிர்பாராமல் சந்தித்தவற்றை அவர் வரிசையாகச் சொல்கிறார். விடுதியின் மூலையில் ஸ்ட்ரைடர் (ஆரகார்ன் முதலில் அறிமுகமாகும் பெயர்) உட்கார்ந்திருந்தது தமக்கு அதிர்ச்சியாக இருந்தது, அவர் யார் என்பது மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவைப் போலவே தமக்கும் தெரியாது, ஃபாங்கோர்ன் காடு எதிர்பாராத அனுபவம், சாருமான் என்று ஒருவர் இருப்பதே தெரியாது என்றெல்லாம் எழுதிவிட்டு, இப்படிப்பட்ட பெயர்கள் தாமாக முளைக்கும், ஆனால் எப்போதும் தங்களை விளக்கிக்கொள்ளாது என்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணம் பெரூத்தியெல் அரசியின் பூனைகள்; அவற்றைப் பற்றித் தாம் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்கிறார். அவர் ‘உருவாக்கவில்லை’ என்று எழுதவில்லை, ‘கண்டுபிடிக்கவில்லை’ என்று எழுதினார் என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அவர் எழுதும் விதத்தையே அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. கதை எங்கோ இருக்கிறது, அதைத் தேடிப் போகும் வேலைதான் தம்முடையது என்ற மனநிலை அது.

அடுத்த ஆண்டு, 1956-ல் எழுதிய ஒரு கடிதத்தில், நாவலில் குறிப்பிடப்படும் எதுவுமே அதனதன் தளத்தில் உண்மையிலேயே இல்லாததாக அநேகமாக இருக்காது என்று சொல்லிவிட்டு, தமக்கு நினைவுக்கு வரும் விதிவிலக்குகளை அவர் குறிக்கிறார். ஒன்று பெரூத்தியெல் அரசியின் பூனைகள். மற்றொன்று, ஐந்து மந்திரவாதிகளில் சாருமான், கேண்டால்ஃப், ராடகாஸ்ட் ஆகிய மூவர் போக எஞ்சிய இருவரின் விவரங்கள். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ஒரு நாவலில் பின்கதை இல்லாத இடங்களைக் கேட்டால் ஆசிரியருக்கு உடனே நினைவுக்கு வருபவை இவ்வளவுதான். அந்தச் சிறு பட்டியலில் பூனைகளுக்கு முதலிடம்.

அதன் பிறகு பத்தாண்டுகள் கழித்து நிலைமை மாறியிருக்கிறது. 1966-ல் ‘நியூ வேர்ல்ட்ஸ்’ இதழில் வெளியான டாஃப்னி காஸ்டெலின் கட்டுரைக்காகப் பேசும்போது, பெரூத்தியெல் தமக்கு இன்னமும் புதிர்தான், அவள் திடீரென்று தலைகாட்டிக் கவனத்தைக் கோரினாள், உறுதியாக எதுவும் தெரியாது என்று டோல்கீன் தொடங்குகிறார். ஆனால் பேசப் பேச விவரங்கள் வருகின்றன. பெலார்கிர் துறைமுகத்துக் கப்பல் அரசர்களில் ஒருவரின் மனைவியாக அவள் இருக்கலாம் என்று தமக்கு ஓர் எண்ணம். கடலின் வாடை, மீன், கடற்காகங்கள் எதையும் அவளால் தாங்க முடியவில்லை. உள்நாட்டு நகரத்துக்குத் திரும்பிக் கெட்ட வழியில் போனாள். பிறப்பால் கறுப்பு நூமெனோரியப் பெண்ணாக, அதாவது தீமையின் பக்கம் சாய்ந்த நூமெனோர்த் தீவினரின் வழிவந்தவளாக, இருக்கலாம். பூனைகளைப் பற்றி அவர் அங்கே சொல்வது எதிர்பாராதது. அவள் பூனைகளை விரும்பியவள் அல்லள், வெறுத்தவள். பூனைகளைப் பிடிக்காதவர்கள் மீதே பூனைகள் தாவி ஏறும், அவர்கள் பின்னாலேயே போகும் அல்லவா, அப்படிப்பட்ட ஒருத்தி. அவற்றைச் சித்திரவதை செய்வது அவளுக்குப் பொழுதுபோக்கானது. சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரவில் எதிரிகளை வேவு பார்க்கவும் அச்சுறுத்தவும் பழக்கினாள்.

அந்தப் பேட்டியில் டோல்கீன் தாமே ஓர் ஒப்புமையையும் எடுத்துத் தருகிறார். வட ஐரோப்பியத் தொன்மத்தில் ஸ்காதி என்றொரு அரக்கர் குலப் பெண் உண்டு. தன் தந்தையைக் கொன்ற தேவர்களிடம் ஈடு கேட்டு அவள் வருகிறாள். கணவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொள், ஆனால் பாதங்களை மட்டுமே பார்க்கலாம் என்கிறார்கள். மிக அழகான பாதங்களைப் பார்த்து, இது பால்டராகத்தான் இருக்கும் என்று நம்பித் தேர்ந்தெடுக்கிறாள். அது கடலுக்குரிய ந்யோர்த் ஆகிவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லூசன் எழுதிவைத்த வடிவத்தில், தம்பதி இருவரும் ஒன்பது இரவுகள் மலையிலும் அதன்பின் சில இரவுகள் கடற்கரையிலுமாக மாறி மாறி இருந்து பார்க்கிறார்கள். மலையில் ஓநாய்களின் ஊளையை ந்யோர்தால் பொறுக்க முடியவில்லை, கரையில் கடற்காகங்களின் கூச்சலில் ஸ்காதியால் தூங்க முடியவில்லை. கடைசியில் அவள் மலைக்கே போய்விடுகிறாள். அந்தப் பழங்கதையில் இரு தரப்பின் குறையும் சம எடையோடு பதிவாகியிருக்கிறது. பெரூத்தியெலின் கதையில் அந்தச் சமநிலை இல்லை. அங்கே குறை முழுவதும் அரசியின் மேல்தான்.

இனி, அந்த அடிக்குறிப்பு. ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில் மந்திரவாதிகளைப் பற்றிய பகுதியில், மேலே சொன்ன 1956 கடிதத்தை எடுத்துக்காட்டும் கிறிஸ்டோபர் டோல்கீன், பெரூத்தியெலுக்கும் உண்மையில் ஒரு கதை இருக்கிறது, மிகத் தொடக்கநிலைச் சுருக்கமாக, ஒரே ஒரு கையெழுத்துப் படியில் இருக்கிறது என்று சொல்லி அதைச் சுருக்கித் தருகிறார். நீளத்தில் ஒரு பத்திதான். ஆனால் அதற்குள் ஒரு நாவலுக்கு வேண்டிய இருள் இருக்கிறது.

டாரன்னோன் கப்பல் அரசர்களில் முதல்வன். கடற்கரை நிலங்களைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து ‘கரைகளின் தலைவன்’ என்று பொருள்படும் ஃபலாஸ்டுர் என்ற பெயரில் முடிசூடியவன். ஆண்டுயின் ஆற்றின் முகத்துவாரத்தில், பெலார்கிருக்குக் கீழே, அகன்ற நீருக்குள் ஆழமாகக் கால் ஊன்றிய வளைவுகளின் மேல் அவன் ஒரு மாளிகை கட்டினான். பெரூத்தியெல் அந்த மாளிகையை வெறுத்தாள். கடலின் ஓசையையும் வாடையையும் வெறுத்து, அப்போது தலைநகராக இருந்த ஆஸ்கிலியாத்தின் அரச மனையிலேயே தனியாக வாழ்ந்தாள். எதையும் ஆக்குவதை, எல்லா நிறங்களையும், நுணுக்கமான அலங்காரத்தை அவள் வெறுத்தாள். உடுத்தியது கறுப்பும் வெள்ளியும் மட்டும். அறைகள் வெறுமையாக இருந்தன. தோட்டத்தில் சைப்ரஸ், யூ மரங்களின் நிழலில் துன்புற்று முறுகிய உருவங்களாகச் சிலைகள் நின்றன.

அவளிடம் ஒன்பது கறுப்புப் பூனைகளும் ஒரு வெள்ளைப் பூனையும் இருந்தன. அவை அவளுடைய அடிமைகள். அவற்றோடு அவள் பேசினாள், அல்லது அவற்றின் நினைவுகளைப் படித்தாள். சுருக்கம் இந்த இரண்டையும் சொல்லி, எது என்று முடிவு செய்யாமல் விடுகிறது. கோண்டோரின் இருண்ட இரகசியங்களை எல்லாம், மனிதர்கள் மறைத்துவைக்க மிகவும் விரும்புகிற எல்லாவற்றையும் அவற்றின் வழியே அறிந்தாள். கறுப்புப் பூனைகளை வேவு பார்க்க வெள்ளைப் பூனையை ஏவினாள். எல்லாவற்றையும் வதைத்தாள். கோண்டோரில் ஒருவரும் அவற்றைத் தொடத் துணியவில்லை. அவை கடந்து போவதைப் பார்த்தால் சபித்தார்கள்.

வெள்ளைப் பூனை பற்றிய அந்தச் சிறு விவரத்தில்தான் டோல்கீனின் கை தெரிகிறது என்பேன். ஒற்றர்களை வைத்திருக்கும் கொடிய அரசி என்பது எந்தக் கதையிலும் வரக்கூடிய உருவம். தன் ஒற்றர்களையே நம்பாமல், அவர்களை வேவு பார்க்க நிறத்தால் தனித்துத் தெரியும் ஒன்றை வைத்திருப்பவள் வேறு வகை. கறுப்புப் பூனைகள் இரவில் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பூனை தெரியும். ஒன்பதும் தங்கள்மேல் ஒரு கண் இருப்பதை எப்போதும் அறிந்திருக்கும். அந்த வீட்டுக்குள் எப்படிப்பட்ட அச்சம் குடியிருந்திருக்கும் என்று காட்ட இது ஒன்றே போதும்.

அதற்குப் பிறகு வரும் பகுதி கையெழுத்துப் படியில் ஏறக்குறைய முழுவதும் படிக்க முடியாத நிலையில் இருக்கிறது. என்ன நடந்தது, எந்த இரகசியம் அளவு மீறியது, யார் முறையிட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலுக்குள் போய்விட்டன. முடிவு மட்டும் தெளிவாக இருக்கிறது. டாரன்னோன் அவளைப் பூனைகளோடு தனியே ஒரு கப்பலில் ஏற்றி, வடகாற்றின் முன்னே கடலில் மிதக்கவிட்டான். அரசர்களின் ஏட்டிலிருந்து அவள் பெயர் அழிக்கப்பட்டது. ஆனால் மனிதர்களின் நினைவு முழுவதும் ஏடுகளுக்குள் அடங்கியது அல்ல, அந்தப் பூனைகள் மக்களின் பேச்சிலிருந்து ஒருபோதும் முற்றாக மறையவில்லை என்று அந்தச் சுருக்கம் சொல்கிறது.

இந்த இடத்தில் நாவலின் முதல் பிற்சேர்க்கையைத் திறந்து பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். கோண்டோர் அரசர்களின் வரிசையில் டாரன்னோன் ஃபலாஸ்டுர் அங்கே இருக்கிறான், பிள்ளை இல்லாத முதல் அரசன் என்ற குறிப்போடு. அவனுக்குப் பின் அரியணை ஏறியது அவன் தம்பி டார்கிர்யனின் மகன் முதலாம் எயார்நில். ஆனால் அரசியின் பெயர் இல்லை. பிற்சேர்க்கைகள் அடங்கிய மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில் வெளியானது. அதே ஆண்டு ஜூனில்தான் பூனைகளைப் பற்றி எதுவும் தெரியாது என்று டோல்கீன் எழுதியிருந்தார். ஆகவே பிள்ளையில்லாத கடலோடி அரசன் ஒருவன் மனைவியின் பெயர் இல்லாமல் ஓரிடத்தில் இருந்தான். கணவனோ நாடோ இல்லாத ஓர் அரசி பூனைகளோடு இன்னோரிடத்தில் இருந்தாள். இருவரையும் சேர்த்துவைத்தது பிற்காலத்தில் நடந்த வேலை என்றே நான் முடிவு செய்கிறேன். சேர்த்துவைத்ததும், பிற்சேர்க்கையில் அவள் பெயர் இல்லாதது குறையாக இல்லாமல் கதையின் ஒரு பகுதியாகவே மாறிவிட்டது. ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டவள் ஏட்டைப் பார்த்து எழுதிய வரலாற்றில் எப்படி வருவாள்? தமக்கே காரணம் தெரியாத ஒரு மௌனத்துக்கு, கதைக்கு உள்ளேயே நிற்கும் காரணத்தை டோல்கீன் கண்டுபிடித்திருக்கிறார். ஒரே பத்தியில் இவ்வளவு அழகான பழுதுபார்ப்பை அவருடைய எழுத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பேட்டிக்கும் கையெழுத்துச் சுருக்கத்துக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டியில் கணவனுக்குப் பெயர் இல்லை, சுருக்கத்தில் உண்டு. பேட்டியில் அவளுடைய பூர்வீகம் பற்றிய ஊகம் உண்டு. கிறிஸ்டோபர் தரும் சுருக்கத்தில் அது இல்லை. பேட்டியில் பூனைகள் வெறுக்கப்படுபவை, சுருக்கத்தில் அடிமைகள். இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை என்றாலும், ஒன்றின் விவரத்தை எடுத்து மற்றதில் ஒட்டி ஒரே வாழ்க்கை வரலாறாக எழுதுவது சரியல்ல. இணையத்தில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவள் கோண்டோருக்குத் தெற்கே உள்ள உம்பார் துறைமுகத்தில் பிறந்தவள் என்று உறுதியாகச் சொல்லும் பக்கங்களையும், அவளுடைய பெற்றோர், இளமை, மந்திரப் பயிற்சி என்று விரியும் கதைகளையும் பார்க்கலாம். அவை விளையாட்டுகளை வடிவமைத்தவர்களும் வாசகர்களும் பிற்காலத்தில் சேர்த்தவை, டோல்கீனுடையவை அல்ல. பெயரைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ‘பெரூத்தியெல்’ என்பது எல்ஃப் மொழியின் சாயலுள்ள பெயர். கறுப்பு நூமெனோரியர்களோ எல்ஃப்களையும் அவர்கள் மொழியையும் பகைத்தவர்களின் வழிவந்தவர்கள். பேட்டியில் சொன்ன ஊகத்தை ஏற்றுக்கொண்டால், அது அவளுக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயராக இருக்க முடியாது, கோண்டோரில் கிடைத்த பெயராகவே இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அப்படியானால் அவளுடைய சொந்தப் பெயர் அழிக்கப்படுவதற்கு முன்பே தொலைந்துவிட்டது.

கடலை வெறுத்த மனைவி, கடலை விரும்பிய கணவன் என்ற இணை டோல்கீனிடம் இன்னோர் இடத்திலும் வருகிறது. அதுவும் இதே ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில்தான். கோண்டோருக்கு முந்தைய தீவு நாடான நூமெனோரின் ஆறாவது அரசனாகும் அல்டாரியன் கப்பல்களிலேயே வாழ்க்கையைக் கழிக்கிறான். அவன் மனைவி எரெண்டிஸ் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மனம் கசந்து, கடல் கண்ணுக்கே தெரியாத எமெரியே மேய்ச்சல் நிலத்துக்குப் போய், பெண்கள் மட்டுமே உள்ள ஒரு வீட்டில் மகளை வளர்க்கிறாள். அந்தக் கதையில் டோல்கீன் இரு தரப்பையும் பேசவிடுகிறார். எரெண்டிஸின் கோபம் நியாயமானது என்றும், அந்த நியாயமான கோபமே அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியது என்றும் நாம் உணர்கிறோம். அதுவும் முடிக்கப்படாத கதை. முதுமையில் தனிமை தாங்காமல், கணவன் பயணத்திலிருந்து திரும்புகிறான் என்று கேட்டு, யாருக்கும் அடையாளம் தெரியாமல் அவள் ரோமென்னா துறைமுகத்துக்கு வருகிறாள். அங்கே என்ன நடந்தது என்பதற்கு எஞ்சியிருப்பது, (இரண்டாம் யுகத்தின்) 985-ஆம் ஆண்டில் எரெண்டிஸ் நீரில் மடிந்தாள் என்ற ஒரே வரி.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் மனம் கனக்கிறது. இருவரும் கடலிலிருந்து விலகி உள்நாட்டுக்குப் போனவர்கள். இருவருக்கும் முடிவு நீரில். இருவரின் கதையிலும் நடுப்பகுதி இல்லாமல் கடைசி வரி மட்டும் தப்பியிருக்கிறது. எரெண்டிஸுக்கு ஒரு நீண்ட கதை கிடைத்தது, அதனால் அவளைப் புரிந்துகொள்ள முடிகிறது. பெரூத்தியெலுக்கு ஒரு பத்திதான் கிடைத்தது, அதனால் அவள் கொடியவளாக மட்டுமே நிற்கிறாள். பூனைகளை வதைத்தவளுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம், அவளைக் கண்டு பயந்து சபித்தவர்களும் அவள் பெயரை அழித்தவர்களும் விட்டுவைத்த நினைவு என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். அந்த நீர்மாளிகையை அவன் யாருக்காகக் கட்டினான், அவளைக் கேட்டுக் கட்டினானா என்ற கேள்வி அந்தப் பத்தியில் எழவே இல்லை.

பூனைகளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்பவர்களுக்கு ஒரு துணைச் செய்தி. டோல்கீனின் கற்பனையில் தீய பூனைகள் மிகப் பழையவை. 1917 வாக்கில் அவர் எழுதத் தொடங்கிய, பேரென்–லூத்தியன் காதலைச் சொல்லும் டினூவியெல் கதையின் முதல் வடிவத்தில், பின்னாளில் இருளின் தலைவன் சவுரோன் வகிக்கும் இடத்தில் இருந்தது டெவில்டோ என்ற பூனைகளின் இளவரசன். பேரெனை அடிமைப்படுத்தியது அவன்தான். 1959-ல் ஒருவர் தம் சயாமீஸ் பூனைக்குட்டிகளுக்கு நாவலின் பெயர்களை வைக்க அனுமதி கேட்டபோது, தம்மைப் பொறுத்தவரை சயாமீஸ் பூனைகள் சவுரோனின் நாடான மோர்டோரின் விலங்கினத்தைச் சேர்ந்தவை என்று பதிப்பகத்தாருக்கு எழுதினார்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: அவள் வாழ்ந்தவளா, கற்பனையா? வெளியான நாவலை மட்டும் ஆதாரமாகக் கொள்பவர், அவள் கோண்டோர் மக்களின் கதைகளில் வரும் உருவம் என்று சொன்னால் அதை மறுக்க நாவலில் ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்துச் சுருக்கத்தை ஏற்பவருக்கு அவள் ஆண்டும் ஊரும் கணவனும் உள்ள அரசி. என் முடிவு இரண்டாவது பக்கம்தான், ஆனால் ஒரு தயக்கத்தோடு. சொலவடையும் கதையும் முழுமையாகப் பொருந்தவில்லை. சொலவடை பூனைகளின் வீடு திரும்பும் திறமையைப் பேசுகிறது. சுருக்கமோ அவற்றின் ஒற்று வேலையைப் பேசுகிறது, கடைசியில் அவை வீடு திரும்ப முடியாத கடலுக்குப் போகின்றன. இரவெல்லாம் நகரத்தில் அலைந்துவிட்டு விடிவதற்குள் தவறாமல் அரசியிடம் வந்து சேர்ந்த பூனைகளைக் கண்டவர்கள் சொன்ன சொல் அது என்று கொண்டால் பொருந்தும். அல்லது, கப்பலில் போனவற்றில் ஏதோ ஒன்று இருட்டில் கரையேறித் திரும்பி வந்ததாக ஒரு கதை உலவியிருக்க வேண்டும். படிக்க முடியாத அந்த வரிகளில் இதற்கு விடை இருந்திருக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒரு கொடிய நினைவிலிருந்து பயம் கழன்று போய், பாராட்டாகப் பயன்படும் ஒப்புமையாக அது மிஞ்சியது என்பது, மொழியில் நடக்கும் விஷயங்களை அறிந்தவர்களுக்கு நம்பக்கூடியதே. சபித்துக்கொண்டே பார்த்த பூனைகளோடு கேண்டால்ஃபை ஒப்பிடுவதில் ஆரகார்னுக்குச் சிறிதும் கூச்சம் இல்லை.

தூரத்தில் தெரியும், இதுவரை யாரும் போகாத ஒரு தீவைப் போலப் பின்னணி வரலாறு கவர்கிறது, அங்கே போய்விட்டால் அந்த மாயம் கலைந்துவிடும், போன இடத்திலிருந்து இன்னும் எட்டாத புதிய காட்சிகள் தெரிந்தால் ஒழிய என்று டோல்கீன் 1963-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். பெரூத்தியெலின் கதைச்சுருக்கத்தைப் படித்த பின்னும் மாயம் கலையாமல் இருப்பதற்கு அதன் கடைசிக் காட்சியே காரணம். வடகாற்று தள்ளிய கப்பல் தெற்கே உம்பாரைக் கடந்து பறந்து போனதைத்தான் கடைசியாகப் பார்த்திருக்கிறார்கள். உம்பார் அப்போது கோண்டோரின் கையில் இல்லை. டாரன்னோன் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 933-ல்தான் எயார்நில் அதைப் பிடித்தான், மூன்று ஆண்டுகளில் அதே உம்பாருக்கு அருகே புயலில் கப்பல்களோடு மூழ்கியும் போனான். ஆக, அந்தக் கப்பலைப் பார்த்தது எதிரிக் கரையில் நின்ற யாரோ, அல்லது அந்தக் கரையை ஒட்டித் துணிந்து போன படகோட்டி யாரோ. பிறை நிலவின் வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்தது பாய்மரத்தின் உச்சியில் ஒரு பூனை, முகப்பில் செதுக்கிவைத்த உருவம் போல இன்னொரு பூனை. மற்ற எட்டுப் பூனைகளைப் பற்றி அந்தச் சாட்சி எதுவும் சொல்லவில்லை. அரசி தளத்தில் நின்றாளா என்றும் சொல்லவில்லை.